நெறஞ்சி கீது

எங்கள் பக்கத்தில் அரிசி தீர்ந்துபோனால் இல்லை என்று சொல்ல மாட்டார்கள். நெறஞ்சி கீது என்பார்கள். விளக்கை அணை என்று சொல்ல மாட்டார்கள். குளிர வை என்பார்கள். எல்லா வீட்டிலும் உள்ள பழக்கம்தான். அரிசி, உப்பு, விளக்கு, அதோடு சரி. கடைக்கார அக்கா மட்டும் எல்லாவற்றுக்கும் அப்படித்தான் சொல்லும். இல்லை என்கிற ஒரு வார்த்தை அதன் வாயில் வராது.

நான் தலையாரி வேலை பார்த்தவன். மணியக்காரர், கர்ணம் எல்லாம் இருந்த காலம். உத்திரமேரூரிலிருந்து ஒரு பஸ் தூரத்தில் எங்கள் ஊர். ஆபீசர் யார் வந்தாலும் நான் முன்னால் நடக்க வேண்டும். இன்னார் வீடு இது என்று காட்ட வேண்டும். பிறகு சும்மா நிற்க வேண்டும். படிப்பு நாலாவதோடு நின்றுவிட்டது. நின்று பார்த்ததைச் சொல்கிறேன்.

அக்காவின் கடை பஸ் நிற்கிற இடத்துக்கு எதிரில். கடை என்றால் வீட்டின் முன்அறைதான். ஜன்னலைப் பெயர்த்துவிட்டுப் பலகை அடித்திருந்தது. உப்பு, மிளகாய், பீடி, சோப்பு, மண்ணெண்ணெய். சரக்கு தீர்ந்தால் வேறு கடைக்காரன் இல்லை என்று சொல்லி அனுப்பிவிடுவான். அக்கா அனுப்பாது.

“யக்கா, பீடி கீதா?”

“சாய்ங்காலம் வா நைனா.”

“சாய்ங்காலம் வந்தா கீதா?”

“வந்துதான் பாரேன்.”

சாயங்காலமும் இருக்காது. “நாளைக்கு வண்டி வருது” என்று சொல்லும்.

ஊருக்கு இது ஒரு விளையாட்டு. ஏரி மராமத்துக்குப் போகிற ஆட்கள் மண்வெட்டியைத் தோளில் வைத்துக்கொண்டு வேண்டுமென்றே நிற்பார்கள்.

“யக்கா, ஏரோப்ளேன் கீதா?”

“காத்தால ஒருத்தன் வாங்கிக்கினு பூட்டான். உனுக்கு வேற சொல்லி வெக்கறேன்.”

“அதுக்கு ரெக்க கீதா?”

“உன் வாய் கீற நீளத்துக்கு கீது. போடா பேமானி.”

சிரித்துக்கொண்டு போவார்கள். அக்காவும் சிரிக்கும். ஆனால் அந்த வார்த்தையை அதன் வாயிலிருந்து ஒருத்தனும் பிடுங்கவில்லை.

ஒரு தடவை நான் கேட்டேன், ஏன் இப்படி என்று.

“சொல்ற நேரத்துல பல்லி கத்திச்சின்னா பலிச்சிடும் நைனா. எந்த நேரத்துல கத்தும்னு யாருக்குத் தெரியும்?”

அக்காவின் வீட்டுக்காரர் செத்துப்போனார். ஏரிக்கரை மேட்டில் புதைத்தோம். அதன் பிறகு ஒரு நாள் வெளியூர் ஆள் ஒருவன் துணி விற்க வந்தான். வீட்டில் ஆம்பளை யாரும் இல்லையா என்று கேட்டான். “ஏரிக்கரையில கீறாரு” என்றது அக்கா. அவன் மூட்டையை இறக்கி வைத்துவிட்டு இருட்டும்வரை அவர் வருவார் என்று உட்கார்ந்திருந்தான். நான் போய்ச் சொல்லித்தான் எழுந்தான். எழுந்தவன் அக்காவைத் திட்டவில்லை. ஒரு மாதிரிப் பார்த்துவிட்டு மூட்டையைத் தூக்கிக்கொண்டு போனான்.

அக்காவுக்கு ஒரே மகன். ராஜகுளத்தில் மெயின் ரோட்டில் லாரி நிற்கும். அங்கே போய்க் கிளீனராக ஏறிக்கொண்டான். பிறகு டிரைவர். பிறகு பம்பாய். கொஞ்ச காலம் கடிதம் வந்தது. இரண்டொரு தடவை மணியார்டரும் வந்தது. பிறகு ஒன்றும் வரவில்லை. அங்கேயே ஒருத்தியைக் கட்டிக்கொண்டான் என்று ஒரு லாரிக்காரன் சொன்னான். ஜெயிலில் இருக்கிறான் என்றான் இன்னொருத்தன். மலையில் வண்டி உருண்டுவிட்டது என்றும் பேச்சு வந்தது. எதுவும் நிச்சயம் இல்லை. அக்காவைக் கேட்டால் பதில் ஒன்றுதான்.

“பம்பாய்ல கீறான். அனுப்புவான்.”

அப்புறம் கண் போயிற்று. கொஞ்சம் கொஞ்சமாகத்தான். ஐந்து பைசாவுக்கும் பத்து பைசாவுக்கும் தடவிப் பார்க்க ஆரம்பித்தது. பிறகு ஆளைக் குரலை வைத்துச் சொன்னது. பள்ளிக்கூடத்தில் கண் முகாம் போட்டபோது நான்தான் அழைத்துப் போனேன். டாக்டர் விளக்கு அடித்துப் பார்த்தார். நரம்பு காய்ந்துவிட்டது, ஆபரேஷன் செய்து பயன் இல்லை என்று சொல்லிவிட்டு அடுத்த ஆளைக் கூப்பிட்டார். பக்கத்தில் நின்று என் காதால் கேட்டேன். வீட்டுக்கு வந்ததும் பக்கத்து வீட்டுக் கன்னியம்மா என்ன சொன்னார்கள் என்று கேட்டாள்.

“இன்னொரு தடவ பாக்கலாம்னாரு” என்றது அக்கா.

கன்னியம்மா என்னைப் பார்த்தாள். நான் செருப்பைப் பார்த்தேன்.

கடை நின்றுபோயிற்று. வேர்க்கடலை உரிக்கக் கூப்பிடுவார்கள். கண் இல்லாவிட்டாலும் கை போகும். உரித்துக் கொடுத்துவிட்டுக் கூழோ கஞ்சியோ குடித்துவிட்டு வரும். கடலை அறுப்பு முடிந்தால் அதுவும் கிடையாது. அப்புறம் கன்னியம்மா தருவதுதான். கன்னியம்மாவுக்குக் கை தாராளம். வாய் அதைவிடத் தாராளம். ஊற்றுகிற கஞ்சிக்கு இரண்டு மடங்கு திட்டுவாள்.

அவள்தான் முதலில் பேச்சை எடுத்தாள்.

“கண்ணு தெரியாதவங்களுக்கு, வயசானவங்களுக்கு, மாசாமாசம் கவர்மெண்டு துட்டு குடுக்குதாம். இன்னாபா தலையாரி, நீ ஆபீசர் பின்னாலயே சுத்திக்கினு கீற. இந்தக்காவுக்கு ஒரு மனு போடப்படாதா?”

போட்டோம்.

சட்டம் எனக்குத் தெரியாது. ஆபீசர் கேட்கிற கேள்வி தெரியும். பல வீட்டில் நின்று கேட்டிருக்கிறேன். நிலம் இருக்கா? சொந்தபந்தம் யாராவது சோறு போடறாங்களா? சம்பாதிக்கிற வயதில் மகன் இருக்கானா? எல்லாக் கேள்விக்கும் பதில் ஒன்றுதான். இல்லை. அதைச் சொல்கிறவர்களுக்குத்தான் பணம்.

சொல்லத் தெரிந்தவர்கள் இருந்தார்கள். கீழத் தெருவில் ஒரு கிழவருக்கு மூன்று மகன்கள். விசாரணை அன்றைக்கு மூன்று பேரும் வைக்கோல் போருக்குப் பின்னால் போய் உட்கார்ந்துகொண்டார்கள். கிழவர் நெஞ்சில் அடித்துக்கொண்டு, “ஒருத்தரும் இல்ல சாமி, அனாத” என்று அழுதார். போருக்குப் பின்னாலிருந்து பீடிப் புகை எழும்பியது. ரெவின்யூ இன்ஸ்பெக்டர் புகையைப் பார்த்தார். கிழவரைப் பார்த்தார். “வைக்கோல் பத்திக்கப் போகுது, பார்த்துக்கோ” என்று என்னிடம் சொல்லிவிட்டு எழுதிக்கொண்டார். கிழவருக்கு மணியார்டர் வந்தது.

அதே இன்ஸ்பெக்டர்தான் அக்கா வீட்டுக்கும் வந்தார். தெற்கத்திக்காரர். கெட்ட மனிதர் இல்லை. வாசல் தாழ்ந்திருந்தது. குனிந்து உள்ளே வந்தார். அக்கா எழுந்து சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றது. கன்னியம்மா பக்கத்தில் நின்றாள்.

“வீட்டுல யாரெல்லாம் இருக்கீங்க?”

“நான் கீறேன். மாடத்துல சாமி கீது.”

“அரிசி இருக்கா?”

“நெறஞ்சி கீது சாமி.”

அவர் பானையைச் சாய்த்துப் பார்த்தார். ஒன்றும் இல்லை. சிரித்தார். “எங்க ஆத்தாவும் இப்படித்தான் சொல்லும். சரி. நிலம்?”

“அது கைமாறிப் பூட்ச்சி.”

“இல்லைன்னு எழுதிக்கட்டுமா?”

“எழுத்து உங்க கையில கீது. என் வாயில வராது.”

எழுதிக்கொண்டார். “கண்ணு தெரியுமா?”

“மங்கலா கீது.”

அவர் முகத்துக்கு நேரே கையை ஆட்டினார். அக்கா அசையாமல் நின்றது. எழுதிக்கொண்டார்.

“மகன் இருக்கானா?”

“கீறான் சாமி.”

கேட்டு முடிப்பதற்குள் சொல்லிவிட்டது. அன்றைக்கு அந்த முகத்தில் வெளிச்சம் வந்தது அந்த ஒரு கேள்விக்குத்தான். கன்னியம்மா இடுப்பில் கிள்ளினாள். அக்கா கையைத் தட்டிவிட்டது.

“எங்க?”

“பம்பாய்ல. லாரி ஓட்டறான்.”

“பணம் அனுப்புறானா?”

“அனுப்புவான்.”

“அனுப்புறானா, அனுப்புவானா?”

“அனுப்புவான் சாமி.”

அவர் பேனாவை மூடினார்.

“அரிசிக்கு நான் பானையைப் பார்த்து எழுதிட்டேன். கண்ணுக்குக் கையை ஆட்டிப் பார்த்து எழுதிட்டேன். மகனை நான் எங்கம்மா போய்ப் பார்ப்பேன்? அது நீங்க வாயால சொன்னாத்தான் உண்டு.”

அவர் குனிந்து வெளியே போனார். நான் பின்னால் போனேன். கன்னியம்மா அக்காவைப் பிடித்துக்கொண்டது தெருவரைக்கும் கேட்டது.

“ஒரு வார்த்த. எச்சிய முழுங்கறாப்பல சொல்லிட்டுப் போவ வேண்டிதான? உன்ன இன்னா அவனுக்குக் கொள்ளியா வெக்கச் சொன்னாங்க?”

“பெத்த வாயிடி. எப்பிடி சொல்லும்?”

“பெத்தது வவுறு. வாயி இல்ல.”

“ரெண்டும் ஒரே ஒடம்புலதானடி கீது.”

மனு தள்ளுபடி ஆயிற்று. சம்பாதிக்கும் வயதில் மகன் உள்ளார் என்று கர்ணம் படித்துச் சொன்னார். இதைப் போய்ச் சொல்வதும் தலையாரி வேலைதான்.

“தள்ளிட்டாங்க யக்கா” என்றேன்.

“தள்ளித்தான வெச்சிருக்காங்க. வரும்” என்றது.

அந்த ஐப்பசியில் மழை விடாமல் பிடித்துக்கொண்டது. கடலை வேலை கிடையாது. கன்னியம்மா தன் மகளின் பிரசவத்துக்காகப் பழையசீவரம் போயிருந்தாள். போகும்போது தெருவில் நாலு வீட்டில் சொல்லிவிட்டுத்தான் போனாள். அவர்களும் கேட்காமல் இல்லை. போகிற வருகிறவர்கள், “யக்கா, சாப்ட்டியா?” என்று வாசலில் குரல் கொடுத்திருக்கிறார்கள். “ஆச்சி” என்று அக்கா உள்ளேயிருந்து சொல்லியிருக்கிறது. சரி, யாரோ கொடுத்திருக்கிறார்கள் என்று ஒவ்வொருத்தரும் போய்விட்டார்கள். நானும் ஒரு நாள் கேட்டுவிட்டு அப்படித்தான் போனேன்.

பிறகு ஒரு நாள் அக்கா கைப்பம்புக்குப் பக்கத்தில் விழுந்து கிடந்தது. குடம் உருண்டு கிடந்தது. நானும் இன்னொருத்தனும் தூக்கி எங்கள் வீட்டுக்குக் கொண்டுபோனோம். கனமே இல்லை. என் வீட்டுக்காரி கஞ்சியை ஆற்றி ஊற்றினாள். பாதி வெளியே வந்தது. மறுபடி ஊற்றினாள். குடித்துவிட்டு அக்கா வெகுநேரம் கூரையைப் பார்த்தபடி படுத்திருந்தது. பார்த்தது என்று பழக்கத்தில் சொல்கிறேன்.

“நைனா.”

“சொல்லு யக்கா.”

“அந்த ஆபீசரு திரும்ப வருவாரா?”

அவர் வர மாட்டார், நாம்தான் போக வேண்டும் என்று சொன்னேன். சரி என்றது.

வருஷத்துக்கு ஒரு தடவை கிராமக் கணக்குகளைப் பார்க்கத் தாலுகா ஆபீசில் பெரிய ஆபீசர் வந்து உட்காருவார். ஜமாபந்தி என்று சொல்வார்கள். ஜனங்களும் நேரில் மனு கொடுக்கலாம். அது வைகாசியில்தான். அதுவரை அக்காவுக்கு எங்கள் வீட்டிலும் கன்னியம்மா வீட்டிலுமாகப் பொழுது போயிற்று.

பஸ்ஸில் கன்னியம்மா பாடம் நடத்திக்கொண்டே வந்தாள். நான் பின்சீட்டில்.

“நெலம் கீதா?”

அக்கா உதட்டை ஈரப்படுத்திக்கொண்டது. ஒன்றும் வரவில்லை.

“தோ பாரு, வெறும் நெலம். உன் புள்ளையக் கேக்கல. நெலம் கீதா?”

“...இல்ல.”

சின்னக் குரல். அப்போதுதான் கண்டக்டர் வந்து நின்றான்.

“இன்னாது, டிக்கெட் இல்லியா?”

“யோவ், டிக்கெட் கீதுயா. நாங்க வேற பேசிக்கினு கீறோம்.”

“இல்லன்னுச்சே அந்தம்மா?”

“அந்தம்மா ஆயுசுலயே இப்பத்தான் மொத மொத சொல்லுது. அத நீ வந்து கெடுத்துட்டுப் போவாத.”

கண்டக்டருக்கு ஒன்றும் விளங்கவில்லை. டிக்கெட்டைப் பார்த்துவிட்டுப் போனான். துட்டு கீதா, ஆடு மாடு கீதா, நகை கீதா என்று கன்னியம்மா ஒவ்வொன்றாகக் கேட்டாள். ஒவ்வொன்றுக்கும் பதில் கொஞ்சம் சீக்கிரம் வந்தது. மகனை அவள் கேட்கவில்லை. அக்காவும் அதைக் கேள் என்று சொல்லவில்லை.

தாலுகா ஆபீசில் பந்தல் போட்டிருந்தது. எல்லா ஊர்க்காரர்களும் வெயிலில் நின்றார்கள். பட்டா மாற்றம், ஓடை ஆக்கிரமிப்பு, சுடுகாட்டுப் பாதை. எங்கள் முறை வர மத்தியானம் ஆயிற்று. பெரிய ஆபீசர் களைத்திருந்தார். எங்கள் இன்ஸ்பெக்டர் பக்கத்தில் நின்றார். அக்காவைப் பார்த்ததும் அவருக்கு அடையாளம் தெரிந்தது. நான் அக்காவின் கையைப் பிடித்திருந்தேன். கிளார்க் ஒருவர் கேள்வி கேட்டு எழுதினார்.

“நிலம் இருக்கா?”

“இல்ல.”

“வருமானம்?”

“இல்ல.”

“கண் பார்வை?”

“இல்ல.”

இதற்கு முன் சொன்னதைவிட இது பலமாக வந்தது. கிளார்க் எழுதிக்கொண்டே போனார்.

“மகன் இருக்கானா?”

அக்கா என் கையை இறுக்கியது. நகம் பதிந்தது. கிளார்க் தலையை நிமிர்த்தினார். பின்னால் நின்றவர்களில் ஒருத்தன், “இன்னாபா பேஜாரா கீது, கீறான், இல்ல, எதுனா ஒண்ணு சொல்லிட்டு நவுரட்டும்” என்றான். கன்னியம்மா திரும்பி அவனை முறைத்தாள்.

“மகன் இருக்கானா இல்லையா, சொல்லும்மா” என்றார் கிளார்க்.

“அவனுக்கு நான் இல்ல சாமி.”

“என்னது?”

“அவனுக்கு நான் இல்ல.”

கிளார்க் பேனாவை வைத்துவிட்டார். “இப்படிச் சொன்னா நான் எதை எழுதுறது? அவன் இருக்கானா இல்லையா, அதைத்தான் கேட்குது சர்க்கார்.”

அக்கா போதும் என்பது போல் தலை குனிந்துகொண்டது. எங்கள் இன்ஸ்பெக்டர் குனிந்து பெரிய ஆபீசர் காதில் இங்கிலீஷில் என்னவோ சொன்னார். எனக்குப் புரியவில்லை. பெரிய ஆபீசர் அக்காவை ஒரு தடவை பார்த்தார். காகிதத்தை இழுத்துத் தாமே எழுதிக் கையெழுத்துப் போட்டார்.

வெளியே வந்தபோது இன்ஸ்பெக்டர் என்னிடம் சொன்னார், மகனுடைய ஆதரவு இல்லை என்று எழுதியிருக்கிறது, அது போதும் என்று.

திரும்பி வருகையில் பஸ்ஸில் அக்கா பேசவில்லை. கன்னியம்மாவும் பேசவில்லை. அவள் பேசாமல் வந்தது அன்றைக்கு ஒரு நாள்தான்.

முதல் மணியார்டர் வந்தபோது நான் அங்கேதான் இருந்தேன். கைரேகை வைக்கிறவர்களுக்கு ஒரு சாட்சி வேண்டும் என்று தபால்காரர் கூப்பிட்டிருந்தார். கன்னியம்மா அக்காவைக் கைபிடித்து வாசலுக்குக் கொண்டுவந்து உட்கார வைத்தாள். தபால்காரர் மை டப்பாவைத் திறந்தார். கட்டை விரலை எடுத்து மையில் ஒற்றி, காட்டின இடத்தில் அழுத்தினார். பணத்தைக் கையில் வைத்தார்.

எதிர்வீட்டு மருமகள் தண்ணீர்க் குடத்தோடு வந்துகொண்டிருந்தாள். ஊருக்குப் புதுசு. சைக்கிளைப் பார்த்தாள். அக்கா கையில் நோட்டைப் பார்த்தாள். குடத்தை இடுப்பிலேயே வைத்துக்கொண்டு ஓடி வந்தாள். அவளுக்கு நிஜமாகவே சந்தோஷம்.

“யக்கா, மணியாடரா? புள்ள அனுப்பிச்சிட்டானா?”

தபால்காரர் பையைக் கட்ட ஆரம்பித்தார். கன்னியம்மாதான், “ஆமா, யாரோ அனுப்பிச்சாங்க. உனுக்கின்னா, தண்ணி சிந்துது பாரு, போ” என்றாள். அதோடு விட்டிருக்கலாம். அந்தப் பெண் ஊர் முழுக்க நல்லபடியாகவே சொல்லியிருப்பாள்.

“அவன் இல்ல” என்றது அக்கா. “கவர்மெண்டு.”

சொன்ன பிறகுதான் அதன் காதிலேயே அது விழுந்தது போலிருக்கிறது. அனுப்பினது அவன் இல்லை என்றுதான் சொல்ல வந்தது. வந்த வார்த்தை அப்படி வந்துவிட்டது. சட்டென்று கையால் வாயைப் பொத்திக்கொண்டது. நோட்டு மடியில் விழுந்தது. கட்டை விரல் மை உதட்டிலும் மோவாயிலும் அப்பிக்கொண்டது.

அந்தப் பெண் குடத்தோடு போய்விட்டாள். தபால்காரரும் போனார். கன்னியம்மா நோட்டை எடுத்து அக்காவின் முந்தானையில் முடிந்தாள். அக்கா கையை எடுக்கவே இல்லை. வெகுநேரம் கழித்து எடுத்தது. மையின் வாடை தெரிந்திருக்க வேண்டும். புடவைத் தலைப்பைச் சுருட்டி வாயைத் துடைத்தது. அழுத்தி அழுத்தித் துடைத்தது. பிறகு என் பக்கமாக முகத்தைத் திருப்பிக் காட்டியது.

“போயிடுச்சா நைனா?”

மை அப்படியே இருந்தது.

“போயிடுச்சி யக்கா” என்றேன்.